ஒரு பித்தளைக் கூடு எத்தனை முறை உழைக்கும்?



அரிசி மூட்டையைப் பிரித்ததும் சாக்கைத் தெருவில் எறிபவர் நம்மில் எவரும் இலர். உதறி மடித்து, கட்டாகக் கட்டி, கடையின் மூலையில் அடுக்கி வைக்கிறோம். நல்ல சாக்குக்கு ஒரு விலை, தையல் போட்ட சாக்குக்கு ஒரு விலை, கிழிசலுக்கு ஒரு விலை. காலி எண்ணெய் டின்னும் அப்படித்தான். சரக்கில் நின்ற இலாபத்தோடு காலிப் பொருள் விற்ற பணமும் சேர்ந்தால்தான் பல கடைகளில் மாதக் கடைசிக் கணக்கு நேராகிறது.

இதே போலக் காலிக் கூட்டை நம்பியே ஒரு தனி வணிகம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்து வருகிறது. அங்கே வேட்டையாடுவோரும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்து கொள்வோரும், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசி எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, சீர்செய்து, மீண்டும் நிரப்பி உபயோகிக்கின்றனர். சொந்த உபயோகத்துக்கு இவ்வாறு நிரப்பிக்கொள்ள அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. பிறருக்கு விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் கட்டாயம். நிரப்புவதற்கு வேண்டிய கருவிகளை ஊர்தோறும் உள்ள கடைகள் விற்கின்றன.

இது நம் கடைகளில் வைக்கும் சரக்கு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வதும் விற்பதும் குற்றமாகும். ஆனால் அந்த வணிகத்தில் அடங்கியுள்ள கணக்கும் பொறுப்பும் நமக்கு மிகவும் பழகியவை. பழைய பொருளை மறுபடி உபயோகிப்பதால் மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சம் எந்த இடத்தில் நட்டமாக மாறுகிறது, வாங்க வருபவரிடம் கடைக்காரர் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இந்தச் சின்னஞ்சிறு பித்தளைக் கூட்டை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கூட்டின் கணக்கு

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிக்கப்படும் பிரைமர் என்னும் தீமூட்டும் சிறு மூடி, உள்ளே இடும் மருந்து, வாயில் செருகப்படும் குண்டு. சுட்டவுடன் மருந்து எரிந்து போகிறது. குண்டு பறந்து போகிறது. பிரைமர் ஒரு முறைக்கு மேல் உதவாது. மிஞ்சுவது கூடு ஒன்றே. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் அதைச் செய்கிறார்கள். விலையிலும் அதன் பங்கு பெரிது.

ஒரு கூட்டின் விலை 50 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு முறை சுட்டு எறிந்தால் 50 ரூபாயும் அந்த ஒரு தோட்டாவின் தலையில் விழும். ஐந்து முறை உழைத்தால் தலைக்கு 10 ரூபாய். பத்து முறை உழைத்தால் 5 ரூபாய். ஐந்திலிருந்து பத்துக்குப் போனதில் மிச்சம் 5 ரூபாய். பத்திலிருந்து பதினொன்றுக்குப் போனால் மிச்சம் 50 காசுக்கும் குறைவு. முதல் சில முறைகளில் மிச்சம் பெரிது. போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். ஆபத்தோ போகப் போக வளர்ந்துகொண்டே வரும். இந்த இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறிவதே இத்தொழிலின் இரகசியம். வாசகர்கள் இக்கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

சுட்டபின் கூட்டுக்கு என்ன நேர்கிறது?

துப்பாக்கிக் குழலின் பின்புறத்தில் தோட்டா உட்காரும் அறை உள்ளது. தோட்டா எளிதாக உள்ளே போக வேண்டும் என்பதற்காக, அறையைக் கூட்டைவிட மயிரிழை பெரிதாகக் குடைந்திருப்பார்கள். மருந்து எரியும்போது உண்டாகும் அழுத்தத்தில் கூடு உப்பி, அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஆவி பின்பக்கம் சீறாமல் குண்டை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றுச் சுருங்கிக்கொள்ளும். ஆயினும் பழைய அளவுக்குத் திரும்பாது. உப்பிய கூட்டின் கழுத்து புதுக் குண்டைப் பிடித்துக்கொள்ளாது. அதன் உடல் வேறொரு துப்பாக்கியின் அறைக்குள் நுழையாமலும் போகலாம்.

ஆகவே கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு உதவுவது ‘டை’ எனப்படும் எஃகு அச்சு. கைப்பிடி போட்ட சிறிய பிரஸ்ஸின் தலையில் அச்சைத் திருகி வைத்து, கூட்டைக் கீழிருந்து மேலே அழுத்தினால், அச்சின் உட்குடைவுக்கு ஏற்பக் கூடு இறுகிவிடும். அச்சின் நடுவில் தொங்கும் ஊசி பழைய பிரைமரை வெளியே தள்ளிவிடும். அமெரிக்கக் கூடுகளின் அடியில் பெரும்பாலும் நடுவில் ஒரே துளை இருப்பதால் இவ்வேலை சுலபமாக முடிகிறது.

இத்தொழிலின் பெரிய பெயர்கள் சில சிறிய இடங்களில் தொடங்கியவை என்பது நம் போன்றோர்க்கு ஊக்கம் தரும் செய்தி. ஜான் பார்லோ என்பவர் 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஐடியல் என்ற பெயரில் நிரப்புக் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். அந்நிறுவனத்தை 1925-இல் லைமன் நிறுவனம் வாங்கியது. ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரவில் என்ற ஊரில், தந்தையின் சலவைக் கடையின் பின்பக்க அறையில் அச்சு செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் ஆயிற்று. ரிச்சர்ட் லீ 1958-இல் வீட்டுப் பட்டறையில் தொடங்கியது லீ நிறுவனம். இன்று பெரும்பாலான அச்சுகளின் மரை ஒரே அளவானது; ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் பொருந்தும். இந்தப் பொது அளவு வந்தபின் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தொல்லை பாதி குறைந்தது.

எந்த அச்சைக் கொடுப்பது? மூன்று கேள்விகள்

“ஓர் அச்சு கொடுங்கள்” என்று கேட்டு வருபவருக்கு அலமாரியில் முதலில் கைக்குப்பட்டதைக் கொடுத்தனுப்பும் கடைக்காரர் அந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார். அனுபவமுள்ளவர் மூன்று கேள்விகள் கேட்பார்.

முதல் கேள்வி, கூடு எந்த வடிவம்? கைத்துப்பாக்கித் தோட்டாக்களுள் பல நேர்க்குழாய் போன்ற கூடு உடையவை. அவற்றுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த அச்சு உண்டு. விலை சற்றுக் கூடுதல். ஆனால் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டிய வேலை இல்லை. நீள் துப்பாக்கிக் கூடுகளில் பெரும்பாலானவை சோடா புட்டியைப் போலத் தோளும் கழுத்தும் உடையவை. இவற்றுக்கு எஃகு அச்சே வழக்கம். எண்ணெய்ப் பசை கட்டாயம். பசை இல்லாமல் அழுத்தினால் கூடு அச்சுக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். எடுக்கத் தனிக் கருவி வேண்டும். பசை மிகுந்தாலோ தோளில் குழி விழும். தாளிப்புக்கு எண்ணெய் விடுவது போல அளவோடு இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, துப்பாக்கி எந்த வகை? தாழ்ப்பாளைக் கையால் தள்ளித் தோட்டா ஏற்றும் வகையில் சற்று இறுக்கமான கூட்டையும் கைவலுவால் உள்ளே செலுத்திவிடலாம். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையில் அந்த வலு கிடையாது; கூடு தங்குதடையின்றிப் போய் அமர வேண்டும். ஆகவே அந்த வகைக்கு உடல், தோள், கழுத்து மூன்றையும் இறுக்கும் முழுநீள அச்சையே கொடுக்க வேண்டும். அதுவும் போதாமல் தோட்டா சிக்கும் சில துப்பாக்கிகளுக்கு, அடிப்பாகத்தை இன்னும் சிறிது கூடுதலாக இறுக்கும் தனி அச்சு உண்டு.

மூன்றாவது கேள்வி, கூடு எங்கிருந்து வந்தது? தாழ்ப்பாள் வகைத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான், அதில் சுட்ட கூட்டையே அதற்கு மீண்டும் நிரப்பப் போகிறார் என்றால், கழுத்தை மட்டும் இறுக்கும் அச்சு போதும். உடல் அந்த அறையின் அளவுக்கே அமைந்திருப்பதால் பித்தளை குறைவாகவே அலைக்கழிக்கப்படும். எனினும் சில முறை சுட்டபின் அந்தக் கூடும் இறுகிப் போய், ஒரு முறை முழுநீள அச்சில் போட வேண்டி வரும். சுடுமிடத்தில் பலர் விட்டுச் சென்ற கூடுகளைப் பொறுக்கி வந்தவருக்கோ கழுத்து அச்சைக் கொடுக்கவே கூடாது. அந்தக் கூடுகள் வேறு வேறு அறைகளில் உப்பியவை. முழுநீள அச்சு ஒன்றே அவருக்கு ஏற்றது.

புதிதாகத் தொடங்குபவருக்கு முழுநீள அச்சே முதல் சிபாரிசு. அதைவிட விலை கூடிய, கழுத்தின் இறுக்கத்தை நுட்பமாக மாற்றிக்கொள்ளும் வளைய அச்சு ஒன்றும் உண்டு. போட்டிகளில் சுடுபவர்க்கு அது பயன்படும். வருடத்துக்கு ஒரு முறை மான் வேட்டைக்குப் போகிறவரிடம் அதை விற்றால் கல்லாவில் அன்று பணம் விழும். ஆனால் மறுமுறை அவர் வேறு கடைக்குப் போவார்.

எவ்வளவு இறக்குவது?

சரியான அச்சை வாங்கினாலும், அதைப் பிரஸ்ஸில் எவ்வளவு கீழே திருகி வைப்பது என்பது தனிக் கேள்வி. கூட்டைத் தாங்கும் பிடிமேல் அச்சு படும்வரை இறக்கி, மேலும் கொஞ்சம் திருகுங்கள் என்பதே பெட்டிக்குள் இருக்கும் பொதுவான குறிப்பு. எல்லாத் துப்பாக்கிக்கும் கூடு நுழைந்துவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. கூடு பல முறை உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்க்கு அது போதாது.

தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டால், அடுத்த முறை சுடும்போது கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது. நீட்சிக்கு வேண்டிய பித்தளை அடிப்பாகத்தின் அருகிலிருந்தே போகிறது. அங்கே சுவர் மெலிகிறது. மறுபடி தள்ளி, மறுபடி சுட்டால் மறுபடி மெலிகிறது. ஆகவே தாழ்ப்பாள் வகைக்கு, சுட்ட கூட்டின் தோள் இருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் தள்ளினால் போதும் என்பர். தானியங்கி வகைக்கு மூன்று அல்லது நான்கு பங்கு. அச்சின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. எட்டில் ஒரு சுற்றே ஆயிரத்தில் 9 பங்கு ஆகிறது. கண் மதிப்பில் திருகினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தோளை அளக்கும் சிறு கருவியைக் கடைகள் அச்சோடு சேர்த்தே வாங்கச் சொல்வது இதனால்தான்.

நீளமும் வெட்டும்

தோளும் கழுத்தும் உள்ள கூடு ஒவ்வொரு முறை சுட்டு அச்சில் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். பிசைந்த மாவை இரு பக்கமும் அழுத்தினால் மேலே பிதுங்குவது போல, பித்தளை வாய்ப்பக்கம் நகர்கிறது. நீண்ட கூட்டின் வாய் அறையின் முன் விளிம்பில் முட்டிக் குண்டை நெருக்கிப் பிடித்துக்கொண்டால், குண்டு எளிதில் வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் எல்லை மீறும். துப்பாக்கியும் கெடலாம், சுடுபவரின் முகமும் கையும் காயப்படலாம்.

இதற்காகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கூட்டின் உச்ச நீளத்தை வரையறுத்திருக்கிறார்கள். 1926-இல் அமைந்த சாமி என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் இந்த அளவுகளை வெளியிடுகிறது. உச்ச நீளத்துக்கு ஆயிரத்தில் 10 பங்கு குறைவாக வெட்டிக்கொள்வது பொது வழக்கம். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறோம்.

.223 ரெமிங்டன்: உச்சம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750.
.308 வின்செஸ்டர்: உச்சம் 2.015 அங்குலம்; வெட்டும் அளவு 2.005.
.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட்: உச்சம் 2.494 அங்குலம், வெட்டும் அளவு 2.484.

வெட்டும் அளவுக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ளது கால் மில்லிமீட்டர் அளவே. ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 3 பங்கு வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சுற்றுக்கு ஒரு முறை வெட்ட வேண்டி வரும். எவ்வளவு வளரும் என்பது அச்சையும் துப்பாக்கியையும் பொறுத்தது. எனவே கணித்துச் சொல்வதைவிட வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பதே முறை.

அளப்பதிலும் ஒரு வரிசை உண்டு. அச்சில் போட்ட பிறகுதான் அளக்க வேண்டும்; அச்சே கூட்டை நீட்டுகிறது. முன்னதாக அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று ஒதுக்கி வைத்த கூடு, அச்சிலிருந்து வெளிவரும்போது அளவு மீறி நிற்கலாம். அளந்தபின், மீறியவற்றை மட்டும் வெட்டலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டிவிடலாம். வெட்டுவதற்குக் கையால் சுற்றும் சிறு கடைசல் போன்ற கருவி உண்டு. அதைவிட மலிவாக, ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீளம் நிலையாக அமைந்த கைக்கருவியும் உண்டு. ஒரே வகைத் தோட்டா மட்டும் நிரப்புபவருக்கு அதுவே போதும். வெட்டியபின் வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்க வேண்டும். நீக்காவிட்டால் குண்டின் மேலுறை சுரண்டப்படும்.

நேர்க்குழாய் வடிவக் கைத்துப்பாக்கிக் கூடுகள் அவ்வளவாக நீள்வதில்லை. அவற்றுக்கு என்று விலையுயர்ந்த வெட்டுக் கருவியைத் தலையில் கட்டாமல் இருப்பதும் நல்ல கடைக்காரரின் இலக்கணம்.

எறிய வேண்டிய நாள்

கூடு தன் முடிவை மூன்று இடங்களில் சொல்லும். கழுத்தில் விரிசல் கண்டால் உடனே ஒதுக்க வேண்டும். திரும்பத் திரும்ப இறுக்கினால் பித்தளை கடினமாகி வெடிக்கும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இதை நன்கு அறிவார். அவர்கள் காய்ச்சிப் பதப்படுத்துவது போலவே கூட்டின் கழுத்தையும் காய்ச்சி இளக வைப்பதுண்டு. ஆனால் அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது; அடி இளகினால் கூடு அழுத்தம் தாங்காது. அடுத்து, பிரைமர் குழி தளர்ந்து புது மூடி விரல் பலத்திலேயே உள்ளே போனால், அந்தக் கூட்டின் கணக்கு முடிந்தது. மூன்றாவது, அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், உள்ளே சுவர் மெலிந்திருக்கலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் கம்பி சிக்கும். அப்படிப்பட்ட கூடு அடுத்த சுடலில் இரண்டாகப் பிரிய நேரும்.

வெட்டுவதால் நீளம்தான் சரியாகிறது. மெலிந்த சுவர் தடிக்காது. அடிக்கடி வெட்ட வேண்டி வருவதே, பித்தளை அடியிலிருந்து நகர்ந்து கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வது கடைக்காரரின் வேலை. ஆகவே கவனமுள்ளவர்கள் கூடுகளைக் கலப்பதில்லை. ஒன்றாக வாங்கியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, எத்தனை முறை நிரப்பியது, எப்போது வெட்டியது என்று பெட்டிமேல் சீட்டு ஒட்டி எழுதி வருகிறார்கள். பழையதும் புதியதும் கலந்த பெட்டியில் எதன் வயது என்ன என்று எவரும் சொல்ல முடியாது. பழைய பருப்பையும் புதுப் பருப்பையும் ஒரே டின்னில் கொட்டியவர் படும் பாடு நாம் அறியாததா?

நமக்கு என்ன?

முதலில் சொன்ன 50 ரூபாய்க் கணக்குக்கு வருவோம். பதினோராவது முறையில் மிச்சம் 50 காசுக்கும் குறைவு. அதற்காக ஒருவர் பணயம் வைப்பது துப்பாக்கியையும் கண்ணையும். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினால் எந்த வாடிக்கையாளரும் பழைய கூட்டைத் தாமே எறிந்துவிடுவார். காட்டாவிட்டால், “இன்னும் ஒரு முறை பார்ப்போம்” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

நம் கடைகளிலும் இந்த “இன்னும் ஒரு முறை” இருக்கிறது. அடி தேய்ந்த எடைக்கல்லை மறுமுத்திரைக்குக் கொண்டுபோகாமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டுகிறோம். உட்புறம் துரு கண்ட டின்னில் இன்னும் ஒரு முறை எண்ணெய் பிடிக்கிறோம். பூச்சிமருந்து வந்த சாக்கை உதறிவிட்டு இன்னும் ஒரு முறை தானியம் கட்டுகிறோம். மிச்சம் சில காசுகள். போனால் போவது வாடிக்கையாளரின் உடல்நலமும் கடையின் பெயரும். மறு உபயோகம் நல்ல சிக்கனம்தான். எத்தனை முறை என்று எழுதி வைத்து, அளந்து பார்த்து, நாள் முடிந்ததை எறிகிறவருக்கே அது இலாபம் தரும்.

ஆகவே வணிக அன்பர்கள் இந்த மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தம் கடையில் மறுபடி மறுபடி உபயோகிக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். சாக்கு, டின், எடைக்கல், அளவுப் படி, புனல், எல்லாவற்றையும் பாருங்கள். வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதுங்கள். எறிய வேண்டியதை அன்றே எறியுங்கள். பொருளை விற்கும் முன், அது எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு இல்லை. அதனால் வரும் நம்பிக்கையே நம் கடையின் முதல்.